வாஷிங்டன் குறித்த முகூர்த்தம்

கோலியர்ஸ் வுட், லண்டன்
09.11.2008

அன்புள்ள நித்தியானந்தன்,

நானும் தவமலரும் கோசிகாவும் உடல்நலத்துக்குக் குறைவின்றி இருக்கிறோம். நீரும் நகுலேஸ்வரியும் சிவதர்ஷனும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நீர் கேட்பீர். தொலைபேசியில் நீர் சொல்வது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொன்றாகிவிடுகிறது. தாளில் எழுதியது அப்படி மாறாது. ஆகவே இந்த விடயம் முடியும்வரை நான் எழுதுவேன். நீரும் எழுதியே பதில் தரவேண்டும்.

நடந்ததை ஒழுங்காக வைத்துப் பார்ப்போம். யூன் 14ஆம் திகதி இங்கே பதிவு அலுவலகத்தில் நம் பிள்ளைகள் கோசிகா, சிவதர்ஷன் இருவரின் கலியாண எழுத்து நடந்தது. சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்கள் நீரும் நானும். சட்டப்படி அன்றிலிருந்து அவர்கள் கணவன் மனைவி. நம் வழக்கப்படி, தாலி ஏறும்வரை அவள் என் வீட்டில், அவன் உம் வீட்டில். இந்த இடைவெளி நான்கைந்து மாதம் இருந்தால் கலியாண ஆயத்தம் என்பார்கள். அதற்குமேல் நீண்டால் என்ன சொல்வார்கள் என்பதை உமக்கு எழுதிக்காட்டத் தேவையில்லை.

கார்த்திகை 8ஆம் நாள் முகூர்த்தம் வைத்தோம். செப்டெம்பரில் சிவதர்ஷன் வேலைசெய்த நியூ யோர்க் வங்கி கவிழ்ந்தது. ஒக்டோபரில் நீர் தள்ளிவைக்கக் கேட்டீர். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். மண்டபக்காரருக்கும் ஐயருக்கும் மேளக்காரருக்கும் நானே சொன்னேன். இப்போது வியாழக்கிழமை தொலைபேசியில், "மச்சான், தேர்தலிலை ஆள் வெண்டிட்டார். ஜனவரி இருபது பதவி ஏற்கட்டும், அதுக்குப் பிறகு நாள் வைப்பம்" என்கிறீர்.

நாள் பார்க்க நமக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி பதவியேற்கும் நாள் அதில் சுபதினமாகக் குறிக்கப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

இருபத்தாறு வருடமாகப் பொருளியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அவர் பதவியேற்கும் காலையில் அவருடைய மேசையில் இருக்கப்போவது முன்னவர் தயாரித்த வரவுசெலவுத் திட்டம். நிதி ஒதுக்குவது காங்கிரஸ். வட்டி வீதத்தைத் தீர்மானிப்பது மத்திய வங்கி. அது அவருடைய சொல் கேட்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மக்களின் பயத்தை ஓரளவு குறைக்க அவரால் இயலும். விழப்போகும் இன்னும் இரண்டு வங்கிகளைத் தாங்கிப் பிடிக்கவும் இயலும். உம் மகனுக்கு வேலை எடுத்துக்கொடுப்பது அந்தப் பதவியின் கடமைகளில் இல்லை.

தையில் ஒரு நாள் பார்த்து எழுதும்.

அன்புடன்,
ஸ்ரீஸ்கந்தராஜா


எடிசன், நியூ ஜேர்சி
21.11.2008

அன்பு மச்சான் ஸ்ரீ,

உமக்கும் தங்கச்சி தவமலருக்கும் எங்கடை பிள்ளை கோசிகாவுக்கும் எல்லாச் சுகமும் வேணும். எனக்கு உம்மைப்போல எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளும். உம்முடைய கடிதத்தை நகுலேஸ் இரண்டு தரம் வாசிச்சிட்டு, "ஸ்ரீ அண்ணை எங்களுக்குச் சோதனைப் பேப்பர் அனுப்பியிருக்கிறார்" எண்டு சொன்னாள்.

வோட்டுப் போடக் காலமை ஏழு மணிக்குப் போய் ஒண்டரை மணித்தியாலம் வரிசையிலை நிண்டன். எனக்கு முன்னாலை நிண்ட கிழவி ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்திருந்தா. வரிசை நகர நகர கதிரையையும் நகர்த்தி நகர்த்தி இருந்தா. ஊரிலை எழுபத்தேழிலை போட்டதுக்குப் பிறகு இப்பத்தான் ஒரு வோட்டுச் சந்தோசமாப் போட்டன். உமக்கு இது சிரிப்பா இருக்கும்.

தம்பி சிவதர்ஷன் காலமை லைப்ரரிக்குப் போறான், பின்னேரம் வாறான். எத்தினை இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பான் எண்டு அவனுக்கே கணக்கில்லை. வேலை இல்லாமல் மணவறையிலை இருக்க எந்தப் பொடியனுக்கு மனம் வரும்? புதியவர் ரோட்டும் பாலமும் கட்டப்போறன் எண்டு சொல்லுறார். காசு புழங்கினால் எல்லாத் துறையும் எழும்புந்தானே? நான் பாலம் கட்டுறவன், பொருளாதாரம் தெரியாது. ஒரு ஜனாதிபதியாலை உண்மையா என்ன ஏலும், என்ன ஏலாது எண்டு எனக்கு ஆறுதலா, விளக்கமா ஒருக்கா எழுதும்.

உம்முடைய,
நித்தி


கோலியர்ஸ் வுட், லண்டன்
04.01.2009

அன்புள்ள நித்தியானந்தன்,

புத்தாண்டு வாழ்த்துகள். நீர் விளக்கம் கேட்டீர், தருகிறேன்.

பாலம் கட்டும் சட்டம் மாசியில் நிறைவேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநிலங்களுக்குப் பணம் போகவேண்டும். ஒப்பந்தங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரவேண்டும். தோற்ற நிறுவனம் வழக்குப் போடும். முதல் மண்ணை வெட்டும்போது அடுத்த வருடமாகிவிடும். இதை உமக்குச் சொல்ல நான் யார்? முப்பது வருடமாக நீர் பார்த்து வருவது. வேலையின்மையோ எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இறங்கும். உற்பத்தி நிமிர்ந்த பின்னும் பல மாதம் ஏறிக்கொண்டே இருக்கும், ஏனெனில் முதலாளி இருப்பவர்களைக் கொண்டு கூடுதல் நேரம் வேலைவாங்கிப் பார்த்த பிறகே புதியவரை எடுப்பார். சிவதர்ஷன் இருந்ததோ வீட்டுக்கடன்களைப் பொதிகட்டி விற்ற துறை. அது எந்த ஜனாதிபதி வந்தாலும் பழையபடி வராது. வரவும் கூடாது.

ஆகவே காத்திருப்பதற்கு அடிப்படை இல்லை. என் யோசனை இது. தை 19, பெப்ரவரி முதலாம் திகதி, ஞாயிறு, நல்ல முகூர்த்தம். திருமணம் இங்கே நடக்கட்டும். சிவதர்ஷன் எங்களுடன் இருக்கட்டும். கோசிகா மருந்தகத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். இங்கே அவன் ஆறுதலாக வேலை தேடலாம். மாமனார் வீட்டில் இருப்பது வெட்கம் என்று நீர் சொல்லமுடியாது. நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போனார். கொக்குவிலில் நகுலேஸ்வரிக்குச் சீதனமாக வந்த வீட்டில் நீர் ஆறு வருடம் இருந்தீர். அதில் முதல் ஒன்றரை வருடம் உமக்கும் வேலை இல்லை. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இங்கே சொல்கிறார்கள். கடை வைத்திருக்கும் தில்லையம்பலம் நேற்று அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிவிட்டு, "மாஸ்டர், மாப்பிள்ளைக்கு வெள்ளை மாளிகையிலையோ வேலை? அவர் வந்தாப்பிறகுதான் கலியாணமாம்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். அலுவலகப் படிவங்களில் கோசிகா திருமணமானவள் என்று அடையாளமிடுகிறாள். கோயிலில் அவளைக் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளோடு நிற்கவிடுகிறார்கள். பிள்ளை ஒரு வார்த்தை முறையிடவில்லை. நாள் தள்ளிப்போகிறது என்று ஒக்டோபரில் சொன்னபோதும், "பரவாயில்லை அப்பா" என்றாள். அந்தப் பொறுமை எனக்கு வேதனையாக இருக்கிறது. அவளிடம் இதைப்பற்றி நான் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது? தாமதம் உம் பக்கத்தில்.

பத்து நாளில் பதில் வேண்டும்.

ஸ்ரீஸ்கந்தராஜா


எடிசன், நியூ ஜேர்சி
26.01.2009

அன்பு மச்சான் ஸ்ரீ,

பத்து நாள் தவணை தந்தீர். பதில் பிந்திப்போச்சு, கோவியாதையும். பெப்ரவரி முதலாம் திகதிக்கு ஆயத்தம் பண்ண எங்களாலை ஏலாது.

கொக்குவிலைப் பற்றி எழுதினீர். ஓம், உண்மை. அந்த ஒண்டரை வருசம் மாமி எனக்கு ஒரு நாளும் குறை வைச்சதில்லை. ஆனால் நான் என்ன பாடு பட்டனான் எண்டு உமக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுக் கை கழுவேக்கை, அந்தக் கிணறும் என்ரை இல்லை எண்டு நினைப்பு வரும். நான் உமக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீர் கேட்டதுமில்லை.

பதவியேற்பை ரீவியிலை பாத்தம். நல்ல குளிர். அவ்வளவு சனம். முந்தி முப்பதுகளிலை வந்த ஜனாதிபதி முதல் நூறு நாளிலை எத்தினை சட்டம் கொண்டுவந்தவர் எண்டு பேப்பரிலை போட்டிருந்தாங்கள். இவருக்கும் அந்த நூறு நாளைக் குடுப்பம். அதுக்குள்ளை ஒரு வழி தெரியும். ஒரு விசயம் எனக்கு விளங்கேல்லை. இந்த வங்கியளை அரசாங்கமே வாங்கி நடத்தினால் என்ன? உங்கை லண்டனிலை அப்பிடித்தானே செய்தவை? அதைப் பற்றி எழுதும்.

உம்முடைய,
நித்தி


கோலியர்ஸ் வுட், லண்டன்
22.02.2009

நித்தியானந்தன்,

நாம் குறித்திருக்கவேண்டிய நாளில் இங்கே பனி கொட்டத் தொடங்கியது. மறுநாள் லண்டனில் ஒரு பேருந்தும் ஓடவில்லை. திருமணம் நடந்திருந்தால் விருந்தினர் மண்டபத்திலேயே தங்கியிருப்பார்கள். அதைக்கூட நான் சகித்திருப்பேன்.

வங்கிகளைப் பற்றிக் கேட்டீர். பதில் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். தவறான கேள்வியை அப்படியே விட்டுவிட என்னால் இயலவில்லை. இங்கே அரசு பங்குகளை வாங்கியது, நிர்வாகத்தை நடத்தவில்லை. அங்கே வங்கியை வாங்குகிறேன் என்று ஒரு ஜனாதிபதி வாய்திறந்தால், அன்று மாலைக்குள் மற்ற வங்கிகளின் பங்குகளும் சரியும். அவருடைய கட்சிக்காரரே விலகி நிற்பர். அவர் நல்லவரா என்பது கேள்வியே அல்ல. பதவிக்கு வரும்போது தன்னால் எதெல்லாம் ஆகாது என்பதை ஒருவர் வெளியே சொல்லமுடியாது. சொன்னால் தோற்பார்; சொல்லாவிட்டால் உம்மைப் போன்றவர்கள் அவரை நம்பித் தங்கள் வீட்டுக் காரியங்களை நிறுத்திவைப்பார்கள். பொருளாதார ஊக்கச் சட்டம் சென்ற கிழமை கையெழுத்தானது. அந்தத் தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வரிக்குறைப்பு. உம் பாலங்களுக்கு மிஞ்சியது எவ்வளவு என்று நீரே பாரும்.

நூறாவது நாள் ஏப்ரல் 29. முப்பதாம் திகதி உம்மிடமிருந்து ஒரு முகூர்த்த நாளை எதிர்பார்க்கிறேன். இன்னொரு கேள்வியை அல்ல.

ஸ்ரீஸ்கந்தராஜா


எடிசன், நியூ ஜேர்சி
20.04.2009

அன்பு ஸ்ரீ,

ஊரிலை சண்டை இப்பிடி நடக்கேக்கை நாங்கள் மேளம் அடிக்க ஏலுமோ? நகுலேஸ் சாப்பிடுறதில்லை, ரீவிக்கு முன்னாலைதான் இருக்கிறாள். கோசிகா ஷிப்ட் முடிய ஒவ்வொரு நாளும் பாராளுமன்றத்தடிக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் போறாளாம். பிள்ளையைக் கவனமாப் பாத்துக்கொள்ளும். நாள் விசயம் இப்ப வேண்டாம்.

நித்தி


கோலியர்ஸ் வுட், லண்டன்
31.05.2009

திரு. நித்தியானந்தன் அவர்களுக்கு,

இந்த மாதம் ஊரில் நடந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் போடாததன் காரணம், நீங்கள் சொன்ன காரணங்களுள் அது ஒன்றுதான் உண்மையானது என்பதே. அதை நான் மதித்தேன்.

ஆனால் அதன்பின் தவமலர் நகுலேஸ்வரியிடம் பேசியபோது, "கோடை முடியட்டும், அந்தக் காசு எல்லாம் இறங்கி வேலையள் வரட்டும்" என்று பதில் வந்திருக்கிறது. மீண்டும் அதே ஜனாதிபதி. அவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் அதே ஜனாதிபதி.

ஏழு மாதமாக நான் தர்க்கத்தோடு எழுதினேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் இன்னொரு திகதியைக் காட்டினீர்கள். என் ஒரு வாதத்தைக்கூட நீங்கள் மறுக்கவில்லை. ஏற்கவும் இல்லை. மறுக்கத் தெரியாதவரை எனக்குப் புரியும். ஏற்றுக்கொள்ளத் துணிவில்லாதவரைக் கோழை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருட நட்பை நினைத்து இந்தச் சொல்லைத் தவிர்த்துவந்தேன். இனித் தவிர்க்கவில்லை.

ஆவணி 14, ஓகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பதிந்துவிட்டேன். உங்கள் மகனுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமெரிக்கப் பொருளாதாரம் எழுந்தாலும் விழுந்தாலும் அன்று திருமணம். நீங்கள் வருவதாயின் வாருங்கள். வராவிட்டால் இதுவே என் கடைசிக் கடிதம்.

இப்படிக்கு,
வே. ஸ்ரீஸ்கந்தராஜா


எடிசன், நியூ ஜேர்சி
16.06.2009

அன்பு ஸ்ரீ,

இந்தக் கடிதத்தை ஒரு இடத்திலை இருந்து, தனிய இருந்து வாசியும்.

நேற்றுத் திங்கட்கிழமை கோசிகா பிளேஸ்டோவிலை ஒரு வழக்கறிஞரிட்டைப் போய், எழுத்தை ரத்துப் பண்ணுற விவாகரத்து மனுவிலை கையெழுத்து வைச்சிட்டாள். தம்பிக்கும் சம்மதம். இரண்டு பேரும் போன ஒக்டோபரிலேயே கதைச்சு முடிவெடுத்திட்டினம். சண்டை ஒண்டும் இல்லை. தம்பி என்னட்டைச் சொன்னதை அப்பிடியே எழுதுறன். "நாங்கள் நேரிலை சந்திச்சது நாலு தரம் அப்பா. நீங்களும் ஸ்ரீ மாமாவும் அவ்வளவு சிநேகிதம் எண்டுதான் நான் ஓம் எண்டனான். அவளைக் கேட்டன், அவளும் அதுக்குத்தான் ஓம் எண்டவளாம்." வேலை போன பிறகுதான் ஒருத்தரோடை ஒருத்தர் உண்மை கதைச்சிருக்கினம்.

எழுத்து நடந்து ஒரு வருசம் முடியாமல் உங்கடை நீதிமன்றம் விவாகரத்து மனுவைக் கையிலை எடுக்காதாம். அந்த ஒரு வருசம் போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிஞ்சது.

கோசிகா ஒக்டோபரிலை எனக்குப் போன் எடுத்தவள். அழேல்லை. "மாமா, ஒரு வருசம் எப்பிடியாவது தள்ளிவிடுங்கோ. அப்பாவிட்டைச் சொல்லாதேங்கோ" எண்டாள். அப்பா கோவிப்பார் எண்டு பயமோ எண்டு கேட்டன். "இல்லை மாமா. அப்பா கோவிக்கமாட்டார். ஆறுதலா இருந்து எனக்குக் காரணம் சொல்லுவார். ஒவ்வொரு காரணமும் சரியா இருக்கும். எனக்குப் பதில் வராது. நான் தோத்துப்போய் மணவறையிலை இருப்பன்."

மச்சான், அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு உடனே விளங்கினது. நானும் உம்மட்டை முப்பத்தைஞ்சு வருசமாத் தோத்தவன்.

அதுக்குப் பிறகுதான் நான் ஜனாதிபதியைப் பிடிச்சன். வேறை என்ன காரணம் சொன்னாலும் நீர் துருவித் துருவிக் கேட்பீர். பொருளாதாரத்தைப் பற்றி ஒரு பிழையான கதை கதைச்சால், அதைத் திருத்துறதிலை நீர் மற்றதையெல்லாம் மறந்துபோவீர். ஜனவரி இருபது எண்டன், பிறகு நூறு நாள் எண்டன், பிறகு கோடை எண்டன். நகுலேஸிட்டையும் அப்பிடியே சொல்லச் சொன்னன். அந்த மனிசனை நான் நம்பி வோட்டுப் போட்டது மெய். மற்றதெல்லாம் பொய். ஊரைச் சொல்லி எழுதின அந்த ஏப்ரல் கடிதம் பொய் இல்லை.

கோழை எண்டு எழுதினீர். வாங்கி வைச்சிருக்கிறன்.

இன்னும் ஒண்டு. மனுவோடை எழுத்துச் சான்றிதழின்ரை மூலப்பிரதி வேணுமாம். அது உம்முடைய அலுமாரியிலை இருக்குது. கவுன்சிலிலை வேறை பிரதி எடுக்கலாம் எண்டு வழக்கறிஞர் சொன்னவராம். அவள் மாட்டன் எண்டிட்டாள், அப்பாவுக்குத் தெரியாமல் இனி ஒண்டும் செய்யமாட்டாளாம். அது இல்லாமல் மனு நகராது. உம்மட்டைச் சொல்லத் தன்னாலை ஏலாது, நீங்கள் எழுதுங்கோ எண்டு என்னைக் கேட்டவள். இந்தக் கடிதம் வந்துசேர ஒரு கிழமை செல்லும். அந்தக் கிழமை முழுக்க அவள் உம்முடைய முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பாள்.

நித்தி


கோலியர்ஸ் வுட், லண்டன்
28.06.2009

நித்தி,

உம் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றும் மறுநாளும் அதற்கு ஒரு பதில் எழுதினேன். நான்கு பக்கம். அதில் பிழையான வரி ஒன்றும் இல்லை. அது மேசையில் கிடக்கிறது, அனுப்பப்போவதில்லை.

வியாழக்கிழமை கோசிகா வேலையிலிருந்து வந்தாள். உம் கடித உறையை அவள் மேசையில் கண்டிருக்கவேண்டும். பையைத் தோளிலிருந்து இறக்காமல் என் அறை வாசலில் வந்து நின்று, "சொல்லுங்கோ அப்பா" என்றாள். என்னிடம் மூன்று காரணங்கள் ஆயத்தமாக இருந்தன. முதலாவதுக்கே அவளிடம் பதில் இருந்திராது. சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. போகாமல் நின்றாள். நான் எப்போது தொடங்குவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "எனக்குக் கால் நோகுது அப்பா, கெதியாச் சொல்லுங்கோ" என்றாள். இருபத்தேழு வருடம் அந்தப் பிள்ளை என் முன்னால் இப்படித்தான் நின்றிருக்கிறாள். அவள் கவனமாகக் கேட்கிறாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

அலுமாரியைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். தவமலர் அழுதாள். தனக்கும் ஒக்டோபரிலிருந்தே தெரியும் என்று அதன்பின் சொன்னாள். ஆக, இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

நேற்று பிளேஸ்டோவுக்கு நானே காரில் கூட்டிச் சென்றேன். ஒன்றேகால் மணித்தியாலம். அவள் பேசினாள். அந்தப் பேச்சில் இரண்டு இடங்களில் தகவல் பிழை. ஓரிடத்தில் முடிவுக்கும் காரணத்துக்கும் தொடர்பே இல்லை. திருத்தவில்லை. இதை நீர் நம்புவீரோ தெரியாது. பற்களைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உம்மீதான கோபம் தணியவில்லை. தணிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். எட்டு மாதம் என் வீட்டில் நடந்ததை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் இருந்த நீர் அறிந்திருந்தீர். நான் உமக்கு மத்திய வங்கியின் அதிகாரங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். என் மகளை என்னிடமிருந்து காப்பாற்றவேண்டும் என்று நீர் முடிவெடுத்தீர். அந்த முடிவு சரியானது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோழை என்ற சொல்லைத் திருப்பி எடுக்கிறேன். வேறு சொல் கண்டுபிடிக்கும்வரை உம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பேன்.

ஆவணி மண்டபப் பதிவை இரத்துச்செய்துவிட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். என் கடிதங்களின் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்தேன். சிவதர்ஷன் என்ற பெயர் வரும் இடமெல்லாம் அவன் ஒரு வேலையின்மைக் கணக்கில் ஒருவனாகவே வருகிறான். அவன் எப்படி இருக்கிறான் என்று ஓரிடத்திலும் நான் கேட்கவில்லை. இன்னும் லைப்ரரிக்குப் போகிறானா? சாப்பிடுகிறானா? யாருடனாவது கதைக்கிறானா? இந்த எழுத்து முறிவது அவனுக்கு ஆறுதலா, இல்லை அதுவும் ஓர் இழப்பா?

எழுதும். எவ்வளவு நீளமாகவும் எழுதும். நான் மறுத்து எழுதமாட்டேன்.

ஸ்ரீ